நிலவுத் தொழிற்சாலைக்கு முதல் பாடம் மணவாளக்குறிச்சி மணலில் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சரக்கல்விளையில் பிறந்த கே. சிவனும், மேலகாட்டுவிளையில் பிறந்த வி. நாராயணனும் இஸ்ரோவின் தலைமைப் பொறுப்புக்கு வந்ததில் குமரி மாவட்டமே மகிழ்ந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் மகேந்திரகிரி, மேற்கே திருவனந்தபுரம், வடகிழக்கே 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட குலசேகரன்பட்டினம் ஏவுதளம் என நம்மைச் சுற்றிலும் விண்வெளித் துறைதான். ஆனாலும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் "இந்தத் துறைக்குப் போக என்ன படிக்க வேண்டும்?" என்று கேட்டால் ஏரோநாட்டிக்கல், மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் என்றுதான் பதில் வருகிறது. கெமிக்கல் இன்ஜினியரிங் என்று யாரும் சொல்வதில்லை. இந்த விடுபடல் நம் பிள்ளைகளுக்கு இழப்பு என்று நினைப்பதால் இதை எழுதுகிறோம்.

ஒரு பொருளை மேலே கொண்டுபோவது ராக்கெட்டின் வேலை. மேலே தங்கி மூச்சுவிட, குடிக்க, எரிபொருள் நிரப்ப, எதையாவது உற்பத்தி செய்ய வேண்டுமென்றால் அது முழுக்க முழுக்க வேதிப்பொறியியல். பிரித்தல், வடித்தல், படிகமாக்கல், வினைகலன், வெப்பப் பரிமாற்றம் என்று பாடப்புத்தகத்தில் இருக்கும் அத்தியாயங்கள்தான் அங்கேயும். ஆனால் ஒவ்வொரு அத்தியாயத்திலும் புவியீர்ப்பும் காற்றும் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த வேலையை அங்கே நாமே செய்தாக வேண்டும்.

எளிய எடுத்துக்காட்டு, நீரை மின்னாற்பகுத்து ஆக்சிஜன் எடுப்பது. இங்கே மின்வாயில் உருவாகும் குமிழி தானாக மேலே ஏறிப் பிரிந்துவிடும். சுற்றுப்பாதையில் மேல், கீழ் என்பது இல்லை. குமிழி மின்வாயிலேயே ஒட்டிக்கொண்டு வளரும். மின்வாயின் பரப்பு மூடப்படும், மின்தடை ஏறும், செல் சூடாகும். அதனால் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் சவ்வு வழியாகப் பிரிப்பது, சுழற்றிப் பிரிப்பது போன்ற வழிகளைக் கையாள்கிறார்கள். குலசேகரம், அருமனை பக்கத்து ரப்பர் பால் ஆலைகளில் 30 முதல் 35 சதவீத ரப்பர் உள்ள பாலை சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி 60 சதவீதமாக்குகிறார்கள். சிறுநீரைக் காய்ச்சி வடிக்க விண்வெளி நிலையத்தில் சுழலும் உருளையை வைத்திருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். ஈர்ப்பு போதாத இடத்தில், அல்லது இல்லாத இடத்தில், சுழற்சி அந்த வேலையைச் செய்கிறது.

அந்த வடிகலன் 2009இல் எதனால் நின்றது என்பதை ஒவ்வொரு வேதியியல் மாணவரும் படிக்க வேண்டும். எடையற்ற நிலையில் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து சிறுநீரில் வழக்கத்தைவிடக் கூடுதலாக வெளியேறும். சிறுநீர் கெடாமல் இருக்கச் சேர்த்த மருந்தில் கந்தக அமிலம் இருந்தது. இரண்டும் சேர்ந்து, நீர் சுண்டச் சுண்ட, கால்சியம் சல்ஃபேட்டாகப் படிந்து வழியை அடைத்தன. சாமித்தோப்பு, புத்தளம் உப்பளங்களில் கடல்நீர் சுண்டும்போது உப்புக்கு முன்னால் ஜிப்சம் இறங்குகிறதே, அதுவும் இதே கால்சியம் சல்ஃபேட்தான், அதே கரைதிறன் கணக்கு. 85 சதவீதம் நீரை மீட்க வடிவமைத்த கருவியை 75 சதவீதத்துக்கும் கீழே நிறுத்தி ஓட்ட வேண்டியதாயிற்று. தீர்வு ஒரு புதிய இயந்திரம் அல்ல. கந்தக அமிலத்துக்குப் பதில் பாஸ்பாரிக் அமிலம். அந்த அமிலத்தன்மையில் கால்சியம் பாஸ்பேட் கரைந்தே இருக்கும். பின்னர், எஞ்சும் கழிவுக் கரைசலிலிருந்தும் நீரை எடுக்கும் கருவி சேர்ந்தபின், 2023இல் மொத்த நீர் மீட்பு 98 சதவீதத்தை எட்டியது.

இனி நிலவுக்கு வருவோம். நம் மாவட்டத்துக்கு நேரடித் தொடர்புள்ள பகுதி இதுதான்.

நிலவு மண்ணின் எடையில் 40 சதவீதத்துக்கும் மேல் ஆக்சிஜன். ஆனால் எல்லாம் சிலிக்கான், அலுமினியம், இரும்பு, டைட்டானியம் ஆகியவற்றோடு இறுகக் கட்டுண்டது. அவற்றில் ஓரளவு எளிதாக விட்டுக்கொடுப்பது இல்மனைட்டில் இருக்கும் இரும்போடு சேர்ந்த ஆக்சிஜன். இல்மனைட் என்பது இரும்பு, டைட்டானியம், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்த, மணவாளக்குறிச்சிக் கருமணலில் உள்ள அதே கனிமம். அப்பல்லோ 11, 17 பயணங்கள் இறங்கிய சமவெளிகளின் பாறைகளில் அது நிறைய உண்டு. 900 முதல் 1000 டிகிரி செல்சியஸில் அதன் மேல் ஹைட்ரஜனைச் செலுத்தினால் இரும்பும் டைட்டானியம் டைஆக்சைடும் எஞ்சி, நீராவி வெளியே வரும். அந்த நீரை மின்னாற்பகுத்தால் ஆக்சிஜன் கிடைக்கும். ஹைட்ரஜன் மீண்டும் உலைக்குத் திரும்பும். கணக்கு இது: 1 கிலோ தூய இல்மனைட்டிலிருந்து அதிகபட்சம் 119 கிராம் நீர், அதாவது 105 கிராம் ஆக்சிஜன்.

காகிதத்தில் இது சுலபம். ஆலையாக நினைத்துப் பார்த்தால் சிக்கல்கள் ஒவ்வொன்றாக வரும்.

முதலாவது சமநிலை. அந்த வெப்பநிலையில் உள்ளே போகும் ஹைட்ரஜனில் சுமார் 7 முதல் 10 சதவீதம் மட்டுமே நீராவியாக மாறும். அதோடு வினை நின்றுவிடும். நீரை இடைவிடாமல் குளிர்வித்து எடுத்து, எஞ்சிய ஹைட்ரஜனைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட வேண்டும். வெப்பத்தை ஏற்றினால் வினை கூடும் என்று 1050 டிகிரியைத் தாண்டினால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, வாயு போக வழியில்லாமல் போகும்.

இரண்டாவது மின்சாரம். 1 கிலோ மண்ணை 1000 டிகிரிக்குச் சூடாக்கச் சுமார் 1 மெகாஜூல் வேண்டும். பிரிக்காத நிலவு மண்ணில் அதன் எடையில் 2 சதவீதம் ஆக்சிஜன் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், 1 கிலோ ஆக்சிஜனுக்கு 50 கிலோ மண் வேண்டும். வெப்பத்தை மீட்காவிட்டால் சூடாக்க மட்டும் 14 யூனிட். கிடைத்த நீரை மின்னாற்பகுக்க நடைமுறையில் சுமார் 6 யூனிட்தான். ஆக, மின்சாரத்தில் பெரும்பகுதி வேண்டாத மண்ணைச் சூடாக்கவே போகிறது. இல்மனைட்டை முன்பே பிரித்துச் செறிவாக்கி 10 சதவீத ஆக்சிஜன் எடுக்க முடிந்தால் 10 கிலோ போதும். சூடாக்கும் செலவு 3 யூனிட்டுக்கும் கீழே வந்துவிடும். நிலவில் இரவு என்பது நம் கணக்கில் 14 நாள். அங்கே ஒவ்வொரு யூனிட்டும் மேலே கொண்டுபோன சூரியத் தகட்டின் எடை.

எனவே உலைக்கு முன்னால் வர வேண்டியது கனிமப் பிரிப்பு. அந்த வேலை மணவாளக்குறிச்சியில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவருகிறது. 1909இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பர்க் இங்கிருந்து போன கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில் தோரியம் கொண்ட மோனசைட் கனிமத்தைக் கண்ட நாளிலிருந்து தொடங்கிய கதை அது. இல்மனைட் காந்தத்துக்கு இழுபடும், மின்சாரத்தையும் கடத்தும். அதே மணலில் உள்ள மற்றக் கனிமங்களில் ரூட்டைல் கடத்தும், ஆனால் இழுபடாது. சிர்க்கான் இரண்டும் செய்யாது. கார்னெட் இழுபடும், கடத்தாது. மோனசைட் கடத்தாது, மெல்லவே இழுபடும். காந்தப் பிரிப்பானும் உயர்மின்னழுத்தப் பிரிப்பானும் மாறி மாறி வைத்தால் ஒவ்வொன்றையும் தனியே எடுத்துவிடலாம்.

நிலவில் நீர் ஓட்டிப் பிரிக்கும் சுருள்கள் வேலைக்கு ஆகாது. உலர் முறைகள் மட்டும்தான். உலர் முறைக்கு நிலவு ஒரு விதத்தில் நம் ஊரைவிட நல்ல இடம். கடற்கரை ஈரப்பதம் துகளின் மேல் மெல்லிய நீர்ப்படலமாகப் படிந்து, கடத்தாத துகளையும் கடத்துவதாகக் காட்டிவிடும். அதனால்தான் இங்கே மணலைக் காயவைத்துச் சூடாகவே பிரிப்பானுக்கு அனுப்புகிறார்கள். நிலவில் ஈரம் என்ற பேச்சே இல்லை. காற்றும் இல்லாததால், இங்கே தீப்பொறி பறக்கும் மின்புலத்தைவிட வலுவான புலத்தைக் கொடுக்கலாம்.

ஆனால் கடல் நமக்குச் செய்துகொடுத்த ஒரு வேலை அங்கே நடக்கவில்லை. மலையிலிருந்து ஆறு கொண்டுவந்த கனிமங்களை அலை உருட்டித் தேய்த்து, ஒவ்வொரு துகளையும் ஒரே கனிமமாக விடுவித்து வைத்திருக்கிறது. நிலவில் காற்றோ நீரோ இல்லை. விண்கற்கள் மோதி நொறுக்கிய, கூர்முனை கொண்ட துகள்கள்தான். பல துகள்கள் உருகிய கண்ணாடியால் ஒன்றாக ஒட்டியவை. ஒரே துகளில் கால்பங்கு இல்மனைட், மீதி வேறு கனிமம் என்றிருந்தால் எந்தப் பிரிப்பானும் திணறும். அரைத்தாக வேண்டும். அரைத்தால் தூசி, தூசி வால்வுக்குள் போகும், வால்வு கசிந்தால் ஹைட்ரஜன் போகும். அங்கே கசிந்த ஹைட்ரஜனை ஈடுகட்ட மீண்டும் ராக்கெட்தான். எங்கள் பார்வையில் இந்த முறையின் வெற்றி தோல்வி வினைவேகத்தில் இல்லை. சூட்டையும் தூசியையும் தாங்கி ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடும் ஒரு வால்வில் இருக்கிறது.

மண்ணை உலைக்குள் கொட்டும் புனலும் அப்படித்தான். புனலிலிருந்து துகள் கொட்டும் வேகம் ஈர்ப்பின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. நிலவில் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு என்பதால் அதே வாயில் 41 சதவீதம்தான் கொட்டும். அதைச் சரிசெய்ய வாயின் விட்டத்தை ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவாக அகலப்படுத்தினால் போதும். ஆனால் ஒட்டும் தன்மையுள்ள தூள் புனலில் வளைவு கட்டி நின்றுவிடாமல் இருக்க வேண்டிய குறைந்தபட்ச அகலம் ஈர்ப்புக்கு நேர்எதிராக மாறும். ஆறு மடங்கு வேண்டும். இந்த இரண்டாவது கணக்கை மறந்துவிட்டு முதல் கணக்கை மட்டும் வைத்து வரைந்தால், அந்தப் புனல் நிலவில் அடைத்துக்கொண்டு நிற்கும்.

வெப்பத்தை வெளியேற்றுவதும் பெரிய வேலை. இங்கே குளிர்கோபுரம் கட்டலாம், கடல்நீரைச் சுற்றவிடலாம். அங்கே கதிர்வீச்சு ஒன்றே வழி. 27 டிகிரியில் இருக்கும் ஒரு கருந்தகடு சதுர மீட்டருக்கு 460 வாட் அளவே வெளியேற்றும். 1 கிலோவாட் கழிவு வெப்பத்துக்கு 2 சதுர மீட்டருக்கும் மேல் தகடு வேண்டும். அதுவும் தகடு வெறும் விண்வெளியைப் பார்த்தபடி, தூசி படியாமல் இருந்தால். சூடான நிலவுத்தரையைப் பார்த்தபடி இருந்தால் அதுவும் கிடைக்காது.

கந்தகத்தையும் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கிய சந்திரயான்-3இன் பிரக்யான் ஊர்தி, தென்துருவத்தை ஒட்டிய பகுதியின் மண்ணில் கந்தகம் இருப்பதை அங்கேயே அளந்து உறுதிசெய்தது. ஹைட்ரஜன் சூட்டோடு பட்டால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடாக நீரோடு சேர்ந்து வரும். மின்னாற்பகுப்புச் செல்லின் பிளாட்டினத்துக்கு அது நஞ்சு. துத்தநாக ஆக்சைடு படுகையில் பிடிக்கலாம். ஆனால் துத்தநாக ஆக்சைடு தீர்ந்துகொண்டே போகும் பொருள். நிலவில் மீளுருவாக்கக்கூடிய உறிஞ்சியாக இருந்தால்தான் பயன். இதே பிரக்யான், அந்தப் பகுதி மண் இரும்பு குறைந்த மேட்டுநிலப் பாறை வகை என்றும் காட்டியது. எனவே ஹைட்ரஜன் முறை எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று நாங்கள் சொல்லவில்லை. தென்துருவத்தில் பனிக்கட்டியை எடுப்பதும், மண்ணை 1600 டிகிரி அளவில் உருக்கி நேரடியாக மின்னாற்பகுப்பதும், உருகிய கால்சியம் குளோரைடில் வைத்து ஆக்சிஜனைப் பிடுங்குவதும் போட்டியில் இருக்கின்றன. சமவெளிகளில் இல்மனைட் முறைக்கு வலு அதிகம்.

செவ்வாயில் இந்தத் துறை ஏற்கெனவே ஒரு படி ஏறிவிட்டது. பெர்சிவரன்ஸ் ஊர்தியில் போன மாக்ஸி என்ற கருவி, 2021 ஏப்ரல் முதல் 2023 ஆகஸ்ட் வரை 16 முறை ஓடி, அங்குள்ள கார்பன் டைஆக்சைடிலிருந்து மொத்தம் 122 கிராம் ஆக்சிஜன் எடுத்தது. மின்சாரத்தால் ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும், 800 டிகிரியில் இயங்கும் திண்ம ஆக்சைடு செல்கள் அதில் இருந்தன. மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் கார்பன் மோனாக்சைடும் உடைந்து கரியாகப் படிந்து செல்லைக் கெடுக்கும். குறைவாகக் கொடுத்தால் உற்பத்தி இல்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள ஒடுக்கமான வழியில் அதை ஓட்டிக் காட்டியதுதான் அந்தக் குழுவின் உண்மையான சாதனை.

நம் மாவட்டத்துப் பொறியியல், அறிவியல் கல்லூரிகளுக்கு எங்கள் வேண்டுகோள்: இல்மனைட்டை ஹைட்ரஜனால் ஒடுக்கும், அதாவது அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும், சோதனையை இறுதியாண்டுத் திட்டமாக எடுங்கள். கோடிக்கணக்கில் செலவில்லை. 1000 டிகிரி போகும் ஒரு குழாய் உலை, மாதிரியை வைக்கும் அலுமினா படகு (சூடு தாங்கும் சிறு பாத்திரம்), வாயு ஓட்டமானி, நான்கு தசமம் காட்டும் தராசு ஆகியவை முக்கியமானவை. பல துறைகளில் இவை ஏற்கெனவே இருக்கும். செய்யும் முறையையும் கெடும் இடங்களையும் எழுதுகிறோம்.

கருமணலைக் கடற்கரையில் வாளியில் அள்ளிவரக் கூடாது. அது சட்டத்துக்குப் புறம்பு. மோனசைட் கலந்திருக்கும், அதில் தோரியம் உண்டு. பிரித்துச் சுத்தம்செய்த இல்மனைட்டை உரிய நிறுவனத்திடமிருந்து கல்லூரிக் கடிதத்தோடு வாங்க வேண்டும். 5 கிலோ இருந்தால் ஓராண்டுக்குப் போதும். கையால் பிடிக்கும் காந்தத்தால் மேக்னடைட் என்ற இரும்புக் கனிமத்தை நீக்கி, நல்ல தண்ணீரில் கழுவி, 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் உலர்த்த வேண்டும். கடற்கரைத் துகள் உருண்டையாகவும் பெரிதாகவும் இருக்கும்; நிலவு மண்ணின் சராசரி 70 மைக்ரான் அளவு. எனவே அரைத்து 45க்கும் 75 மைக்ரானுக்கும் இடைப்பட்டதைச் சலித்து எடுங்கள். அரைத்த துகளுக்குக் கூர்மையும் வந்துவிடும்.

இங்கே ஒரு வேதியியல் வேறுபாட்டைக் கவனிக்காவிட்டால் முடிவு முழுவதும் பிழையாகும். தூய இல்மனைட்டில் டைட்டானியம் டைஆக்சைடு 52.7 சதவீதம். மணவாளக்குறிச்சி வகையில் சுமார் 55 சதவீதம். மழையும் கடலும் இரும்பில் கொஞ்சத்தைக் கரைத்துக் கொண்டுபோனதன் அடையாளம் அது. எஞ்சிய இரும்பிலும் ஒரு பகுதி ஆக்சிஜனேற்றம் பெற்ற ஃபெர்ரிக் நிலையில் இருக்கும். நிலவில் காற்றில்லாததால் இல்மனைட்டில் அந்த நிலை இல்லை. ஃபெர்ரிக் இரும்பு குறைந்த வெப்பத்திலேயே நீரைக் கொடுத்துவிடும். அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் நிலவில் கிடைக்காத ஆக்சிஜனைக் கிடைத்ததாக எழுதிவிடுவோம். முதலில் 600 டிகிரியில் நிறுத்தி, நீர் வரத்து ஓயும்வரை ஓட்டி, அங்கே வந்த நீரைத் தனியாக எடைபோட்டுவிட்டு மேலே போங்கள்.

தூய ஹைட்ரஜனை மாணவர் ஆய்வகத்தில் தொட வேண்டாம். காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்தக் கலவையிலும் அது தீப்பிடிக்கும். நைட்ரஜனில் 5 சதவீதம் ஹைட்ரஜன் கலந்த உருளையைக் கேட்டு வாங்குங்கள். ஆர்கானில் கலந்ததென்றால் அதே 5 சதவீதம் பாதுகாப்பு எல்லையைத் தாண்டிவிடலாம். அதனால் நைட்ரஜன் என்று குறிப்பிட்டே எழுதுங்கள்.

20 கிராம் மாதிரிக்குக் கணக்கு: தூய இல்மனைட்டாக இருந்தால் அதிகபட்ச நீர் 2.37 கிராம், படகில் எடைக்குறைவு 2.11 கிராம். வினைக்கு மட்டும் 3 லிட்டர் ஹைட்ரஜன் போதும். ஆனால் சமநிலையில் 8 சதவீதமே பயன்படும் என்பதால் 37 லிட்டர் வேண்டும். 5 சதவீதக் கலவையில் அது சுமார் 740 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் விட்டால் 6 மணி நேரத்துக்கும் மேல். 7 கன மீட்டர் உருளையில் நடைமுறையில் ஐந்தாறு ஓட்டங்கள் கிடைக்கும்.

பெரும்பாலானோர் ஏமாறும் இடம் அடுத்தது. உலையிலிருந்து வரும் நீரைப் பிடிக்கப் பனிக்கட்டியில் குடுவையை வைப்பார்கள். ஒரு சொட்டும் விழாது. வினை நடக்கவில்லை என்று முடிவுசெய்துவிடுவார்கள். தூய ஹைட்ரஜன் என்றால் நீராவியின் பங்கு 7, 8 சதவீதம்; 40 டிகிரியிலேயே நீர் இறங்கும். 5 சதவீதக் கலவையில் நீராவி 0.4 சதவீதம்தான், பூஜ்ஜிய டிகிரிக்கும் கீழே போனால்தான் உறையும். எனவே குளிர்விப்பதற்குப் பதில், நீராவியை உறிஞ்சும் மூலக்கூறுச் சல்லடை நிரப்பிய யூ வடிவக் குழாய்கள் இரண்டை வரிசையாக வைத்து, அவற்றின் எடை கூடுவதை அளக்க வேண்டும். இரண்டாவது குழாயின் எடையும் கூடினால் முதலாவது நிறைந்துவிட்டது என்று பொருள். நம் ஊர் மழைக்காலக் காற்றில் மூடியைத் திறந்து வைத்தாலே அந்தக் குழாய் எடை ஏறும்; கழற்றியதும் இருபுறமும் அடைத்துவிட்டே தராசுக்குக் கொண்டுபோங்கள்.

மாதிரி இல்லாமல் வெறும் படகை வைத்து ஒரு முழு ஓட்டம் கட்டாயம். உருளை வாயுவில் உள்ள சிறிதளவு ஆக்சிஜனும் ஹைட்ரஜனோடு சேர்ந்து நீராகும். அந்த அளவைக் கழித்தாக வேண்டும். பிறகு படகின் எடைக்குறைவை 18ஆல் பெருக்கி 16ஆல் வகுத்தால் குழாயின் எடைக்கூடுதல் வர வேண்டும். குழாயில் குறைந்தால் இணைப்பில் கசிவு. கூடினால் வெளிக்காற்று புகுகிறது. இரண்டும் பொருந்திய பிறகே வரைபடம் போடுங்கள். முடிந்ததும் உலையைச் சூட்டோடு திறக்கக் கூடாது. புதிதாக ஒடுங்கிய நுண்ணிரும்பு காற்றுப்பட்டால் கனன்று எரியும். தூய நைட்ரஜனில் 50 டிகிரிக்குக் கீழே ஆறவிட்ட பிறகு எடுங்கள்.

உலை இல்லாத கல்லூரியிலும் பள்ளியிலும் செய்ய ஒன்று உண்டு. 5 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பெட்டியை விழவிட்டால் 1 விநாடி எடையற்ற நிலை கிடைக்கும். உள்ளே சிறு மின்னாற்பகுப்புச் செல்லும் மெதுநகர்வுப் படம் எடுக்கும் கைபேசியும் வைத்தால், மேலே ஏறிக்கொண்டிருந்த குமிழிகள் சட்டென்று நின்று மின்வாயிலேயே வளர்வதைக் கண்ணால் பார்க்கலாம். காற்றின் தடை கெடுக்காமல் இருக்கப் பெட்டிக்குள் பெட்டியாக வையுங்கள். உட்பெட்டி வெளிப்பெட்டியைத் தொடாமல் உள்ளேயே விழ வேண்டும். கீழே அரை மீட்டர் தடிமனுக்கு நுரை மெத்தை போட்டால் நிற்கும்போது ஏற்படும் அதிர்வு ஈர்ப்பின் 10 மடங்கு அளவில் நிற்கும். விழும் இடத்தில் ஆள் நிற்காதபடி கயிறு கட்டிவிடுங்கள். இதையே 2.5 விநாடிக்குச் செய்ய ஐஐடி மெட்ராஸில் வீழ்கோபுரம் இருக்கிறது. அங்கே போக விரும்பும் மாணவருக்கு இந்த 1 விநாடிச் சோதனை நல்ல தயாரிப்பு.

கனிம மணல் என்றதும் நம் கடலோர மக்களுக்கு எழும் கவலை எங்களுக்குத் தெரியும், அதை மதிக்கிறோம். இந்தக் கடிதம் புதிய சுரங்கத்துக்கு ஆதரவு தேடுவது அல்ல. நாங்கள் கேட்பது, ஏற்கெனவே எடுத்த மணலில் ஆய்வகத்துக்கு ஒரு சிறு பை. நிலவில் தேவைப்படும் இல்மனைட்டை நிலவிலேயே எடுப்பார்கள். இங்கிருந்து யாரும் கொண்டுபோகப் போவதில்லை. இங்கிருந்து போகக்கூடியது பிரிக்கத் தெரிந்த ஆட்கள்தான். இதற்கு முன்மாதிரியும் தமிழ்நாட்டிலேயே உண்டு. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பகுதியின் பாறையை அரைத்துத்தான் இஸ்ரோ நிலவு மேட்டுநில மண்ணுக்கு மாற்று மண் தயாரித்து, 2020இல் காப்புரிமையும் பெற்றது. சமவெளி மண்ணுக்கு இல்மனைட் கலந்த மாற்று மண்ணை நம் மாவட்டக் கல்லூரிகள் தயாரித்துத் தர முடியும்.

சுற்றுப்பாதையில் செய்து பூமிக்குக் கொண்டுவரும் பொருள்களைப் பற்றிச் சுருக்கமாக. கிராமுக்குப் பெரும் விலை கிடைக்கும் பொருளுக்குத்தான் அது கட்டுப்படியாகும். சிமெண்டோ உரமோ அங்கே செய்வதைப் பற்றிப் பேசுவது வீண். மருந்துப் படிகங்கள் ஒன்று: அமெரிக்க நிறுவனம் ஒன்றின் கலம் எச்.ஐ.வி.க்கான ரிட்டோனவிர் மருந்தின் அரிய படிக வடிவத்தைச் சுற்றுப்பாதையில் உருவாக்கி, 2024 பிப்ரவரியில் பூமிக்குக் கொண்டுவந்தது. ஒளியைக் கடத்தும் ஃபுளோரைடு கண்ணாடி இழை இன்னொன்று. சிர்க்கோனியம், பேரியம், லாந்தனம், அலுமினியம், சோடியம் ஆகியவற்றின் ஃபுளோரைடுகள் கலந்த அந்தக் கண்ணாடி 260 டிகிரியில் இளகும். அதற்கு மேல் நூறு டிகிரிக்குள்ளாகவே படிகமாகத் தொடங்கிவிடும். இழையில் ஒரு நுண்படிகம் இருந்தாலும் ஒளி சிதறும். எடையற்ற நிலையில் அந்தப் படிகமாதல் மட்டுப்படுகிறது. 2024இல் விண்வெளி நிலையத்தில் மொத்தம் 11 கிலோமீட்டருக்கும் மேல் இழுத்தார்கள். அதற்கு வேண்டிய சிர்க்கோனியத்தின் தாதுவும் லாந்தனத்தின் தாதுவும் மணவாளக்குறிச்சி மணலிலேயே உண்டு. சிர்க்கோனியம் ஆலை தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலில் இருக்கிறது. இந்தியாவும் இதற்குப் புதிதல்ல: 2007 ஜனவரியில் இஸ்ரோ அனுப்பித் திரும்ப மீட்ட கலத்தில் உலோகத்தை உருக்கிப் படிகமாக்கும் சோதனையும் நுண்படிகத் தயாரிப்பும் இருந்தன.

தங்கள் நாளிதழிடமும் ஒன்று கேட்கிறோம். கல்லூரி சேர்க்கை நேரத்தில் வரும் வழிகாட்டிப் பக்கங்களில் விண்வெளித் துறைக்கான படிப்புகளைப் பட்டியலிடும்போது வேதிப்பொறியியல், வேதியியல், கனிமவியல் ஆகியவற்றையும் சேர்த்து, இன்ன வேலைக்கு இன்ன பாடம் என்று குறிப்பிட்டு வெளியிடுங்கள். மேலே சொன்ன சோதனையைச் செய்ய முன்வரும் கல்லூரிகளுக்கு உலை வரைபடமும் பாதுகாப்புக் குறிப்புகளும் தமிழில் எழுதித் தர நாங்கள் தயார்; தங்கள் அலுவலகம் வழியாகக் கேட்டு எழுதினால் போதும்.

இப்படிக்கு,
வேதிப்பொறியாளர்கள் சிலர்,
நாகர்கோவில்,
கன்னியாகுமரி மாவட்டம்.